ஃபேன் கொக்கி இல்லாத வீடு

கெலவரப்பள்ளி

பெங்களூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓசூரைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவார்கள். இந்த முறை நான் ஓசூரில் இறங்கி, கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். எங்கள் ஊர் திருக்கோவிலூர். வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் தென்பெண்ணை. கபிலர் குன்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் நாளைவிட மணல் தெரியும் நாள்தான் அதிகம். இந்த ஆறு எங்கேயிருந்து வருகிறது என்று சின்ன வயதில் கேட்டால், “மைசூர் பக்கம் ஒரு மலை” என்று அப்பா மேற்கே கை காட்டுவார். அது நந்தி மலை என்று பிற்பாடு தெரிந்தது. பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நகரத்துச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டுதான் ஆறு எங்கள் பக்கம் திரும்புகிறது என்பது இன்னும் பிற்பாடு தெரிந்தது. கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்தத் தண்ணீரை முதலில் தேக்கும் அணை கெலவரப்பள்ளி.

பங்குனி மாதம். மதகுக்குக் கீழே கொஞ்சம் நுரை ஒதுங்கிக் கிடந்தது. சோப்புத்தூள் வாசனையும் அழுகல் வாசனையும் கலந்து அடித்தது. கரையில் பம்புசெட்டுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த பெரியவர் என் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுக்கே மூக்கப் புடிக்கிறீங்களே சார். மழை புடிச்சு மதகத் தொறந்தா நுரை ஆள் ஒசரத்துக்கு நிக்கும். காத்தடிச்சா பறந்து ரோட்டுக்கு வந்துரும்.”

“இதையா தோட்டத்துக்குப் பாய்ச்சுறீங்க?”

“வேற தண்ணிக்கு எங்க போறது? கைகால் அரிக்குது, கழுவிக்கிறோம்.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அவங்க ஊரு குளுரு அவங்களுக்கு. அழுக்கு நமக்கு.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பயணம் முழுக்க அந்த வாக்கியத்தின் முதல் பாதி என்னை விடவில்லை. அந்தக் குளிர் இன்னும் அவர்களிடம் இருக்கிறதா?

பொம்மசந்திரா

2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு பெங்களூர் பொம்மசந்திராவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய ரயில். கண்ணாடிக்கு வெளியே எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு சந்திப்பு. கீழே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் வண்டிகள். இந்த ஊரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. சில்க் போர்டைத் தலைக்கு மேலே கடக்கும்போது பக்கத்தில் நின்ற இளைஞன் யாரோ பெயில் ஆனதைப் பார்ப்பவன்போலக் கீழே எட்டிப் பார்த்துப் புன்னகைத்தான். “நேத்து வரைக்கும் நானும் அங்கதான் நின்னேன்” என்றான், தமிழில். தர்மபுரிப் பையன்.

லால்பாக்

லால்பாக் தோட்டத்துக்குள் ஒரு பாறை இருக்கிறது. வயது 300 கோடி ஆண்டுகள். தேசியப் புவியியல் சின்னம் என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அதன் உச்சியில் கெம்பேகவுடா வம்சத்தாரின் சிறிய காவல் கோபுரம். இப்படி நான்கு திசைக்கு நான்கு கோபுரம் உண்டு. ஊர் இவற்றைத் தாண்டிப் பெருகினால் கேடு வரும் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஆனால் பாறைமேல் நின்று நாலாபுறமும் பார்த்தபோது, கதை சொன்னவனுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

காலை எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்திருந்தது. இறங்கி மர நிழலுக்கு வந்தால் வேறு ஊர். இந்தத் தோட்டம் ஹைதர் அலி 1760இல் தொடங்கியது. 1908இல் இங்கே வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் க்ரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கும்படி வீதிகளுக்கு மரம் தேர்ந்தார். 1980களில் எஸ்.ஜி. நெகின்ஹால் என்ற வன அதிகாரி நகரத்தில் 15 லட்சம் மரம் நட்டார். பெங்களூரின் குளிர்ச்சியைக் கடவுள் கொடுத்தார் என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் கிடைப்பது ஐந்தாறு டிகிரி. அது மலையின் உபயம். மீதி, யாரோ குழி தோண்டி நட்டது. அதற்கும் முன்னால் யாரோ ஏரி வெட்டி வைத்தது.

ஹரிணி நாகேந்திராவும் சக ஆய்வாளர்களும் 2013இல் ஒரு காரியம் செய்தார்கள். மரமுள்ள தெரு, மரமில்லாத தெரு இரண்டிலும் வெப்பமானியை வைத்து அளந்தார்கள். மரத்தடியில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பில் வித்தியாசம் 27.5 டிகிரி வரை. எங்கள் ஊரில் புளியமரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கும் எந்தக் கிழவரும் இந்த முடிவைக் கருவி இல்லாமலே சொல்லிவிடுவார். ஆனால் எண் இல்லாவிட்டால் மரத்தை வெட்டுகிற பொறியாளரிடம் வாதாட முடியாது.

தோட்டத்துக்கு அருகே எம்.டி.ஆரில் ரவா இட்லி. இரண்டாம் உலகப்போரில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையில் செய்து பார்த்தார்கள் என்பது அந்த இட்லியின் பிறப்புக் கதை. முந்திரி ஒன்று நெற்றிப் பொட்டுபோல நடுவில் இருக்கிறது. எனக்கு நம் குண்டு இட்லிதான் உசத்தி. காபி விஷயத்தில் மட்டும் தோற்றுவிட்டோம்.

மெஜஸ்டிக்

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் நின்று “இங்கே ஏரி எங்கே இருந்தது?” என்று கேட்டால் பைத்தியக்காரனைப் போலப் பார்க்கிறார்கள். நாம் நிற்கும் தரைதான் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கோரமங்களாவின் தேசிய விளையாட்டுக் குடியிருப்பும் ஓர் ஏரிப் படுகைதான். 1973க்குப் பிந்திய நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் பெங்களூர் தன் பசுமைப் பரப்பில் 88 சதவீதத்தையும் நீர்நிலைகளில் 79 சதவீதத்தையும் இழந்துவிட்டதாக இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. ஏரி இருந்தால் வெயில் தண்ணீரை ஆவியாக்குவதில் தன் பலத்தைச் செலவழிக்கும். சிமெண்ட் இருந்தால் அதற்குள் போய் ஒளிந்துகொண்டு, ராத்திரி நாம் பாய் விரித்த பிறகு வெளியே வரும்.

அல்சூர்

அல்சூர் சந்து ஒன்றில் அத்தை வீடு. மாமா எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்தவர். 1978இல் கட்டிய வீடு. சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு வரும்போது அந்த வீட்டில் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. எந்த அறையின் விட்டத்திலும் ஃபேன் மாட்டுவதற்குக் கொக்கி கிடையாது. கான்கிரீட் போடும்போது கொத்தனார் கொக்கி வேண்டுமா என்று கேட்டாராம். “எதுக்கு? பெங்களூர்ல யாராச்சும் ஃபேன் போடுவாங்களா?” என்று மாமா அனுப்பிவிட்டாராம். திருக்கோவிலூரில் கையில் விசிறியும் முதுகில் வேர்க்குருவுமாக மே மாதத்தைக் கழிக்கும் எனக்கு, சித்திரையில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குவது ஏதோ வெளிநாட்டு விவகாரம் போலிருக்கும்.

“வாப்பா” என்று அத்தை கதவைத் திறந்ததும் ஜில்லென்று காற்று. ஏசி. 2024இல் வாங்கினது.

“அந்த வருஷம் ஏப்ரல் கடைசில தாங்கல. நெஞ்ச அடைக்கிற மாதிரி ஆயிடுச்சு. பேரன்தான் அடம்புடிச்சு மாட்டினான்.” அவர் சொன்ன அந்த ஏப்ரல் 28ஆம் தேதி நகரத்தில் 38.5 டிகிரி. அதைவிட அதிகமாகவும் இங்கே பதிவானதுண்டு: 2016 ஏப்ரல் 24இல் 39.2.

“தண்ணியும் இல்ல அப்ப. போர் காஞ்சுபோச்சு. லாரிக்காரன் போனையே எடுக்கமாட்டான். குடிக்கிற தண்ணில காரு கழுவுனா அஞ்சாயிரம் ரூபா ஃபைன்னு சொன்னாங்க. நமக்கு ஏது காரு!”

அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் வந்து நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைத்தது. காவிரி இந்த ஊருக்குத் தானாக வருவதில்லை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம், மின்மோட்டார்கள் இரவுபகலாகத் தள்ளிக்கொண்டு வருகின்றன. ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகையும் கொஞ்சம் இருக்கிறது.

சாப்பாட்டில் ராகி முத்தையும் பிதுக்கவரைக் குழம்பும். தை மாதத்து அவரையைத் தோல் பிதுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தாராம். “வாசமே இல்ல பாத்தியா? பனி விழுந்தாத்தான் அவரைக்கு சொகடு ஏறும். இப்ப எங்க பனி?” என்றார். சொகடு கன்னடச் சொல். அவரைக்காய்க்கே உரிய அந்த எண்ணெய் மணம். ஐம்பது வருடம் கன்னடத்தோடு குடித்தனம் நடத்திய தமிழ், சமையலறையில் முழுக்கக் கன்னடமாகிவிடுகிறது. எனக்கு மணமாகத்தான் இருந்தது, ஆனால் அத்தையின் மூக்கை எதிர்த்துப் பேச எனக்கு அருகதை இல்லை.

சாப்பிட்டு எழும் நேரத்தில் ஏசி மெக்கானிக் வந்தார். குளிர்ச்சி குறைந்துவிட்டதாம். மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “கேஸ் லீக் ஆகியிருக்கும்மா. ஃபுல் பண்ணணும்” என்றார். நானும் மாடிக்குப் போனேன். சந்தின் அகலம் எட்டடி இருக்கும். இந்தப் பக்கச் சுவரில் அத்தையின் வெளிப்பெட்டி. அந்தப் பக்கச் சுவரில் எதிர்வீட்டுக்காரர் பெட்டி. இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தன. அத்தை வீட்டு ஏசி வந்த அடுத்த மாதமே அவர்களும் வாங்கிவிட்டார்களாம், ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று.

ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள் இருப்பதை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளுவதற்குச் செலவான மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துக் கொட்டுகிறது. கெலவரப்பள்ளிப் பெரியவர் சொன்னது எட்டடிச் சந்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்தேன். பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. எதிரே பூ விற்ற அம்மாளிடம் மல்லிகை விலை கேட்டேன். “காலைல நூறு முழம் எடுத்தா மத்தியானத்துக்குள்ள வாடிப்போவுது அண்ணா. முன்ன ராத்திரி வரைக்கும் நிக்கும்” என்றாள். ஈரச்சாக்கை எடுத்துப் பூவின் மேல் மறுபடியும் போர்த்தினாள்.

இந்திய அறிவியல் கழகம்

மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் தோசை சாப்பிட்டுவிட்டு, 1909இல் தொடங்கிய அந்த வளாகத்துக்குப் போனேன். தெரிந்தவர் மகள் அங்கே காற்றுமண்டல ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலிப் பெண். உள்ளே நுழைந்ததும் பழைய பெங்களூர் கிடைத்துவிட்டது. மரங்களுக்கு நடுவே சாலை வளைந்து போகிறது. மெயின் ரோட்டு ஹாரன் சத்தம் பத்தடியில் அடங்கிவிடுகிறது.

ஏசி, கேஸ் என்று நான் ஆரம்பித்ததும் அவள், “அப்ப உங்களுக்கு ராமநாதன் கதை சொல்லணும் சார்” என்றாள்.

வீரபத்ரன் ராமநாதன், 1944இல் பிறந்தவர். பதினொரு வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை தமிழ்வழிப் படிப்பு. இங்கே ஆங்கில வழி. வகுப்பில் சொல்வது புரியாமல், ஆசிரியர் பேச்சைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல். பிறகு செகந்திராபாத்தில் குளிர்சாதனத் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவர் தலையில் விழுந்த பிரச்சினை, பெட்டியிலிருந்து கேஸ் கசிவது! அந்த வேலை பிடிக்காமல் இந்த வளாகத்துக்குப் படிக்க வந்தார். 1970இல் முதுநிலைப் பட்டம் வாங்கி அமெரிக்கா போனார்.

1975இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை உலகத்தைத் திடுக்கிட வைத்தது. குளிர்பெட்டிகளில் அடைக்கும் குளோரோஃப்ளூரோ கார்பன், ஓசோனை அரிப்பதோடு நிற்பதில்லை. அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்றார். அதுவரை உலகம் சூடாவதற்குக் கரியமில வாயு ஒன்றைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். செகந்திராபாத்தில் எதன் கசிவை அடைக்கப் போராடினாரோ அதே வாயு.

“1999ல திரும்ப நம்ம பக்கம் வந்தார் சார்” என்றாள். மாலத்தீவை மையமாக வைத்து, கப்பல், விமானம் எல்லாம் கொண்டு நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு. குளிர்காலத்தில் நம் துணைக்கண்டத்துக் கரியும் புகையும் மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் பழுப்பு மேகமாகக் கடல்மேல் போய் நிற்பதைக் கண்டார்கள். டீசல் புகை, ஆலைப் புகை, விறகும் வறட்டியும் எரியும் அடுப்புப் புகை. அது சூரிய ஒளியைக் கடலுக்குப் போகவிடாமல் மறித்து, பருவமழையையே தடுமாற வைக்கிறது.

1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் குளோரோஃப்ளூரோ கார்பனை ஒழித்துக்கட்டியது. உலகம் ஒன்றுகூடி உருப்படியாகச் செய்த வேலைகளில் அது ஒன்று. அதற்கு மாற்றாக வந்த வாயுக்கள் ஓசோனை விட்டுவிட்டன, வெப்பத்தை விடவில்லை. அவற்றைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு உடன்பாடு. 2047க்குள் 85 சதவீதம் குறைப்பதாக இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. அத்தை வீட்டுப் பெட்டியில் ஒட்டியிருந்த ஆர்-32 என்ற லேபிளைச் சொன்னேன். “அது பரவாயில்ல சார். கரியமில வாயுவை விட 675 மடங்குதான்” என்றாள். ‘தான்’ என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

பெல்லந்தூர்

மறுநாள் அத்தையின் பேரன் பைக்கில் பெல்லந்தூருக்குக் கூட்டிப்போனான். கிட்டத்தட்ட 900 ஏக்கர். கெலவரப்பள்ளியில் பார்த்த நுரையின் தாய்வீடு. கரைநெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே தூர்வாரிய சேறு மேடாகக் கிடந்தது. நகரத்தின் கழிவுநீரில் கணிசமான பங்கு பல ஆண்டுகள் இங்கேதான் வந்து விழுந்தது. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றிலிருந்து கிளம்புவது மீத்தேன்; நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. 2015இல் நுரை தீப்பிடித்தது. 2018 ஜனவரி 19இல் கரையோரம் பிடித்த தீ 30 மணி நேரம் எரிந்தது. அணைக்க ஏறத்தாழ ஐயாயிரம் ராணுவ வீரர்கள் வந்தார்கள்.

“ஏரி எரியுதுன்னு ஊருக்குப் போன்ல சொன்னேன் மாமா. தாத்தா நம்பவே இல்ல. தண்ணில எப்படிடா தீப்புடிக்கும்னு திட்டினாரு.”

அவன் அலுவலகம் வெளிவட்டச் சாலையில். 2022 செப்டம்பர் 5 காலை வரை 24 மணி நேரத்தில் 131.6 மில்லிமீட்டர் மழை. கால்வாயை மறித்துக் கட்டியதெல்லாம் தண்ணீருக்குள் போனது. லேப்டாப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறி அலுவலகம் போயிருக்கிறான். ஐம்பது ரூபாய் டிக்கெட். “எங்க டீம் லீடர் ஜேசிபி கைல உக்காந்து வந்தாரு மாமா.”

சொல்லிச் சிரித்தோம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை மொத்தமாகக் கொட்டவும் செய்யும் என்று முந்தின நாள் அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கமும் அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். இருட்டோடு இருட்டாக வந்தது தென்பெண்ணை. அம்மாவின் தகரப்பெட்டியையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடியில் நின்றோம். யாரும் டிராக்டர் கொண்டுவரவில்லை.

“அங்க வர்ற தண்ணி இங்கேருந்துதானா மாமா?” என்றான், ஏரிக் கோடியைப் பார்த்தபடி.

“அன்னிக்கு வந்தது எங்க பக்கத்து மழை. மத்த நாள்ல வர்றது உங்களோடது.”

அவன் பைக்கைக் கிளப்பினான். வழியில் எதுவும் பேசவில்லை.

திருக்கோவிலூர்

வீட்டுக்கு வந்தபோது அனல். நல்லவன்போல இவ்வளவு எழுதிவிட்டு மறைப்பானேன்: எங்கள் வீட்டிலும் ஓர் ஏசி உண்டு. 2012இல் அம்மாவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாங்கினது. நான் ஊர் திரும்பிய வாரமே அதுவும் குளிராமல் போனது.

மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, “பழைய கேஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கு சார். வெளிய தொறந்துவிட்டுட்டு, லீக்க அடைச்சுப் புதுசா போட்டுடுறேன்” என்று ஸ்பேனரை எடுத்தார். லேபிளைப் பார்த்தேன். ஆர்-22. ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

“இருங்க தம்பி. அதை சிலிண்டர்ல புடிச்சு வைக்க முடியாதா?”

அவர் என்னைக் கொஞ்சம் ஏற இறங்கப் பார்த்தார். “ரெக்கவரி மெஷின்னு ஒண்ணு இருக்கு சார். நம்ம பக்கம் யாரும் கேக்கறதில்ல. அதனால யாரும் வச்சுக்கறதும் இல்ல.”

மூன்று நாள் புழுங்கினோம். விழுப்புரத்திலிருந்து வாடகைக்கு மெஷின் வந்தது. கூலியோடு எழுநூறு ரூபாய் கூடுதல். அம்மா மூன்று நாளும் என்னைத் திட்டினாள்.

அடுத்த முறை உங்கள் வீட்டு ஏசிக்கு கேஸ் போட வருகிறவரிடம் அந்த மெஷினைக் கேளுங்கள். பெயர் ரெக்கவரி மெஷின். ஊருக்கு நாலு பேர் கேட்டால் அவர்களே ஒன்று வாங்கி வைத்துக்கொள்வார்களாம், தம்பி சொன்னார்.